நாற்பத்திரண்டு சொற்கள்

“அப்ப, சுவிட்சைப் போட்டது அந்தப் புள்ளதானுங்களே? அதை மட்டும் சொல்லுங்க அம்மணி.”

“ஆமாங்க. ஆனா…”

“ஆனாவை அப்புறம் பாத்துக்கலாம். அவரு நிறுத்தச் சொன்னாரு. இது போட்டிருக்குது. நடந்தது அவ்வளவுதானே?”

“நிறுத்தியிருக்குதுங்க. நிறுத்திட்டுத்தான் மறுபடியும் போட்டிருக்குது.”

“பிரேக் புடிச்சுட்டுத்தான் மோதுனேன்னு சொன்னா லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துருவாங்களா?”

இதைச் சொல்லிவிட்டு அன்புமணி தானே சிரித்தார். அறையில் வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்ததும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடியலூரைச் சுற்றியுள்ள பாதிப் பட்டறைகளுக்குத் தொழிலாளர் துறைக் காகிதங்களை எழுதித் தருபவர் அவர். எங்காவது விபத்து நடந்தால் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள், அடுத்து அவரை. மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளி சசிதர், முந்தின நாள் போட்டிருந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நான், அக்ஷிதா. இரும்பை உருக்கி வார்க்கும் இந்த ஃபவுண்டரியின் பயிற்சி அதிகாரி. புது ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பழக்கி, ‘இவர் வேலைக்குத் தயார்’ என்று கையெழுத்திட்டு உள்ளே அனுப்புவது என் வேலை.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, வார்ப்பு அச்சுக்கு மணல் கலக்கும் மிக்ஸருக்குள் உடம்பை நுழைத்து, ஒட்டிய மணலைச் சுரண்டிக்கொண்டிருந்த முகமது யூசுப்பின் மேல் மிக்ஸர் ஓடியது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஐம்பத்திரண்டு வயது. மிக்ஸரை ஓடவிட்டவள் நான் பயிற்சி கொடுத்து அனுப்பிய புத்னி. பத்தொன்பது வயது.

அன்புமணி என் பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பக்கம். என்ன சொல்லிக்கொடுத்தேன், எத்தனை மணி நேரம், கடைசியில் ‘புரிந்தது’ என்று ஒரு கட்டம், அதில் பயிற்சி பெறுபவரின் கையெழுத்து.

“பத்தொம்போது வகுப்பு, பத்தொம்போது கையெழுத்து. ஒண்ணுகூட விட்டுப்போகல. பொன்னான நோட்டுங்க இது. எத்தனையோ கம்பெனி பாத்துட்டேன், இப்படி ஒருத்தரும் எழுதி வெச்சதில்லை. இந்த நோட்டு ஒண்ணு போதும், கம்பெனி மேல ஒரு தூசு படாது.”

“அந்தக் கதவுல இருந்த கம்பி?” என்றார் சசிதர். அன்று காலை அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

“நேத்து மத்தியானமே எடுத்தாச்சுங்க,” என்றார் அன்புமணி.

மிக்ஸரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. அது திறந்திருந்தால் மிக்ஸர் ஓடக் கூடாது. அப்படித்தான் அந்த மிஷினைச் செய்தவர்கள் ஒரு சுவிட்சை வைத்திருந்தார்கள். மணல் தூசி அடைத்து அடிக்கடி மிஷின் நின்றுபோகிறது என்று, கதவு எப்போதும் மூடியிருப்பதாக அந்தச் சுவிட்சை நம்பவைக்க யாரோ ஒரு கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். இரண்டு வருடமாக அது எல்லோர் கண்ணிலும் பட்டது. என் கண்ணிலும்.

“ஆக,” என்றார் அன்புமணி, “பயிற்சி பெறுபவரின் கவனக்குறைவு.” பேனாவைத் திறந்தார்.

*

எங்கள் பக்கத்துப் பையன்கள் ஃபவுண்டரிக்கு வருவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. சரவணம்பட்டியில் ஏசி அறையில் உட்கார வழி இருக்கும்போது உருகிய இரும்புக்குப் பக்கத்தில் நிற்க யார் வருவார்கள்? அதனால் பிப்ரவரியில் நான் ஜார்க்கண்டுக்குப் போனேன். ஒரு சின்ன ஊரின் பஞ்சாயத்துக் கூடத்தில் முப்பது பெண்கள் காத்திருந்தார்கள். எழுத்துத் தேர்வு எதுவும் வைக்கவில்லை. ஒரு பெட்டி நிறைய போல்ட்டும் நட்டும் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மாட்டச் சொன்னேன். பெட்டிக்குள் மரை கெட்ட நட்டு ஒன்றை வேண்டுமென்றே போட்டிருந்தேன். எல்லோரும் அதோடு மல்லுக்கட்டினார்கள். ஒரு பெண் மட்டும் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அதை என் பக்கம் நகர்த்தினாள். “இது சேராது,” என்றாள். அவள்தான் புத்னி.

புதன்கிழமை பிறந்தவளுக்கு அவர்கள் ஊரில் வைக்கும் பெயர் அது. ஃபவுண்டரியில் எல்லோரையும்விட அதை ரசித்தவர் யூசுப் அண்ணன்தான்.

“அட, அங்கியும் புதன் புதன்தானா! அப்ப நான் வெள்ளிக்கெழமை பொறந்தவன் கண்ணு, என்னை வெள்ளின்னு கூப்புடு.”

“சரிங்க,” என்றாள் புத்னி. எதைச் சொன்னாலும் அவள் ‘சரிங்க’ என்றுதான் சொன்னாள். வந்திறங்கிய முதல் நாள் அவள் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் அது.

புத்னிக்கும் அவளோடு வந்தவர்களுக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியல் தயாரித்தவள் நான். எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளிக்கூட நாளில் தனியாகப் படித்த இந்தி. மொழிகளுக்கு நடுவில் ஓடித் திரிவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே விளையாட்டு. மிஷினுக்குப் பக்கத்தில் உயிரைக் காப்பாற்ற எத்தனை சொற்கள் வேண்டும் என்று ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்து, நாற்பத்திரண்டு என்று முடிவுசெய்தேன். தூக்கு, இறக்கு, தள்ளு, நகரு, ஜாக்கிரதை, சூடு. ஒவ்வொன்றுக்கும் எதிரில் இந்தி. ஏட்டுத் தமிழில் எழுதவில்லை. ‘இயக்கு’ என்று எழுதினால் உள்ளே யாருக்குப் புரியும்? “மோட்டாரைப் போடு”, “லைட்டைப் போடு” என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் பதினேழாவது சொல், ‘போடு’: சாலூ கரோ. பதினெட்டாவது, ‘நிறுத்து’: பந்த் கரோ.

மூன்று வாரம் வகுப்பு. கடைசி வாரத்தில் அதை ஒரு போட்டியாகவே நடத்தினேன். பழைய சுவிட்ச் பெட்டி ஒன்றை மேசையில் வைத்து, நான் கத்துவேன், அவர்கள் செய்ய வேண்டும். பெரிய மோட்டாரை நிறுத்தியவுடனே மறுபடி போட்டால் கெட்டுவிடும், நடுவில் பத்து எண்ண வேண்டும். அதையும் சேர்த்தேன்.

“நிறுத்து! போடு!”

புத்னி நிறுத்துவாள். சத்தமாக, இந்தியில், ஒன்றிலிருந்து பத்து வரை நிதானமாக எண்ணுவாள். போடுவாள். ஒரு தடவைகூட அவள் தவறவில்லை. நான் கைதட்டினேன். மற்றவர்களும் தட்டினார்கள். பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தேன்.

ஐந்தாவது வாரம் அவளை மிக்ஸரின் சுவிட்ச் பலகைக்கு அனுப்பினேன். வழக்கமாக அங்கே நிற்பவர் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பலகை ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே நின்றால் மிக்ஸரின் சத்தம் கேட்கும், அந்தச் சின்னக் கதவு தெரியாது.

அந்த வாரம்தான் யூசுப் அண்ணன் என்னை வழியில் நிறுத்திச் சொன்னார்:

“அக்ஷிதாம்மா, உங்க லிஸ்ட்டுல ‘கண்ணு’ இல்லீங்களா? நான் வா கண்ணுன்னு கூப்புட்டா, அது கண்ணைத் தொட்டுத் தொட்டுப் பாக்குதுங்க. தூசி கீசி வுழுந்திருச்சோன்னு!”

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுகிறேன் என்றேன்.

*

வியாழக்கிழமை கோட்டைமேட்டில் யூசுப் அண்ணன் வீட்டுக்கு சசிதரும் நானும் போனோம். முந்தின நாள் பிரேதப் பரிசோதனை முடிந்து, மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்திருந்தார்கள். சந்தில் நாற்காலிகள் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சசிதர் அவர்களோடு உட்கார்ந்துகொண்டார். கணவரை இழந்த பெண்ணை இத்தா நாட்களில் வெளி ஆண்கள் பார்ப்பதில்லை என்பதால் நான் மட்டும் உள்ளே போனேன்.

உள்ளறையில் பாய் விரித்து ஏழெட்டுப் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். மேலே ஃபேன் வேகமாக ஓடியது. சாஜிதா பேகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மகள் நஸ்ரியா, ஒன்பதாவது படிப்பவள், எனக்கு ஒரு தலையணையை நகர்த்தி வைத்தாள்.

“நீங்கதான் அந்த இந்திக்காரப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தவங்களா?” என்றார் சாஜிதா பேகம்.

“ஆமாங்க.”

“தெனமும் அதைப் பத்திப் பேசுவாருங்க. புதன்கெழமைப் புள்ள, சொன்னதுக்கு மேல ஒரு விரலை நகத்தாதுன்னு. அப்பறம் ஏனுங்க போட்டுச்சு?”

நஸ்ரியா கொடுத்த தலையணையைச் சரிசெய்துகொண்டேன்.

“ஏதாச்சும் திட்டிட்டாரா அதை? அதுக்குக் கோவம் கீவம் இருந்துச்சா?”

“அய்யோ, இல்லீங்க. அப்படியெல்லாம் இல்லீங்க.”

“மௌத்து அல்லா விதிச்சதுங்க. அதை நான் கேக்கல. காரணம் கேக்கறேன். காரணமே இல்லாம ஒரு ஆளு போயிருவாரா? எல்லாரும் வாராங்க, உக்காருறாங்க, கவனக்குறைவுங்கறாங்க. சோத்துல உப்புப் போட மறந்தாக் கவனக்குறைவு. இதுவுமா?”

அவர் குரல் உயரவில்லை. கொங்குக்காரர்களுக்குக் கோபம் வந்தாலும் ‘ங்க’ போகாது. பக்கத்தில் ஓதிக்கொண்டிருந்த அம்மாவின் கையிலிருந்த தாள்கள் காற்றில் படபடத்து, ஒன்று பறந்து வந்து என் மடியில் விழுந்தது.

“நஸ்ரியா, ஃபேனை நிறுத்திப்போடு கண்ணு,” என்றார் சாஜிதா பேகம்.

நஸ்ரியா எழுந்தாள். சுவிட்சை அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஃபேனின் இறக்கைகள் சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து நிற்கும்வரை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து கேட்ட சொல்தான். அந்த ஒரு கணம் மட்டும், இந்த ஊருக்கு ஐந்து வாரத்துக்கு முன்னால் வந்தவளின் காதில் விழுவதுபோல என் காதில் விழுந்தது. இரண்டு துண்டாக விழுந்தது.

செஞ்சுபோட்டேன். சாப்பிட்டுப்போட்டு வாரேன். தூக்கிப்போடு, மூடிப்போடு, மறந்துபோட்டேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் எந்த வேலையின் வாலிலும் ஒரு ‘போடு’ தொங்கும். தனியாக அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. செய்வதை முழுசாகச் செய்துவிடு என்கிற ஒரு அழுத்தம் மட்டும்தான். இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. அதனால்தான் ‘போடு’ என்று எழுதி எதிரில் ‘சாலூ கரோ’ என்று எழுதியபோது என் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

நஸ்ரியா அணைத்தாள். புத்னியாக இருந்தால் அணைத்திருப்பாள், பத்து எண்ணியிருப்பாள், போட்டிருப்பாள். நான் கைதட்டியிருப்பேன்.

“என்னங்க, ஏதோ சொல்ல வந்தீங்க?” என்றார் சாஜிதா பேகம்.

காரணம் கேட்டவருக்கு எதிரில், காரணத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“கொஞ்சம் தண்ணி வேணுங்க,” என்றேன்.

*

திரும்பி வந்ததும் நேராக விடுதிக்குப் போனேன். அறையில் இருந்த மற்ற பெண்கள் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். கட்டிலில் ஏறாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள் புத்னி. தட்டில் வைத்த சோறு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்பதுபோல.

இந்தியில்தான் பேசினோம்.

“யூசுப் அண்ணன் உன்னிடம் என்ன சொன்னார்? அவர் சொன்ன மாதிரியே சொல். தமிழில்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “நிறுத்தி. போடு. கண்ணு.”

மூன்று சொற்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டுச் சொன்னாள், நான் கற்றுக்கொடுத்தபடி.

“நீ என்ன செய்தாய்?”

“நிறுத்தினேன். சத்தம் முழுக்க அடங்கியது. பத்து எண்ணினேன். போட்டேன்.”

“எதற்கு அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தாய்?”

“மணல் ஒட்டிக்கொண்டால் அப்படிச் செய்வார்கள் அக்கா. நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் கொஞ்சம் உதிரும். ரெண்டு தடவை பார்த்திருக்கிறேன்.”

அவள் சொன்னது உண்மைதான். அப்படியும் செய்வார்கள். தூணுக்குப் பின்னால் நின்ற அவளுக்கு, தான் எண்ணிய பத்து நொடியில் ஒரு மனிதர் கதவைத் திறந்து தோள்வரைக்கும் உள்ளே போயிருப்பார் என்று தெரிய வழியே இல்லை. யூசுப் அண்ணன் தனியாக இருக்கும் நாட்களில் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே கைவிடுவார். அன்றைக்குப் பலகையில் ஆள் இருந்தது. சொன்னதுக்கு மேல் ஒரு விரலை நகர்த்தாத ஆள்.

“அக்கா, ஒன்று கேட்கலாமா?”

“கேள்.”

“நான் வேகமாக எண்ணிவிட்டேனா?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“நீங்கள் மெதுவாக எண்ணச் சொன்னீர்கள். நான் எப்போதும் மெதுவாகத்தான் எண்ணுவேன். அன்றைக்கு அவசரத்தில் எண்ணிவிட்டேனோ? அவர் வெளியே வர நேரம் போதாமல் போய்விட்டதா? ரெண்டு நாளாக எண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சில தடவை சரியாக வருகிறது. சில தடவை ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போய்விடுகிறேன்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். உன் எண்ணிக்கையில் பிழை இல்லை, பிழை என் தாளில் பதினேழாவது வரியில் இருக்கிறது என்று. இந்தியில் அதைச் சொல்ல எனக்குப் போதுமான சொற்கள் தெரியும்.

“முதலில் சாப்பிடு,” என்றேன்.

*

வெள்ளிக்கிழமை காலை சசிதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்புமணியும் இருந்தார். பட்டியலை மேசையில் விரித்து, இரண்டு வரிகளைத் தொட்டுக் காட்டினேன். புத்னி சொன்னதை அவள் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினேன்.

சசிதர் உடனே புரிந்துகொண்டார். உதட்டை அசைத்து அந்தச் சொல்லை இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சேர்த்து ஒரு தடவை, பிரித்து ஒரு தடவை.

“கிஷன்கிட்ட காலைல சொல்லிட்டு வந்தேன்,” என்றார். கிஷன் அவர் மகன், ஆறு வயது. “டிவியை நிறுத்திப்போடுன்னு.”

அன்புமணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அம்மணி, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரியாவே இருக்கட்டும். ‘தப்பாப் புரிஞ்சுகிட்டது’ன்னு ரிப்போர்ட்டுல ஒரு வார்த்தை வந்துச்சுன்னா ஃபேக்டரி இன்ஸ்பெக்டரோட அடுத்த கேள்வி என்னங்க? யாரு சொல்லிக் குடுத்தது? இந்தத் தாள் எங்க? கையெழுத்து யாரோடது? அதுக்கடுத்து மிக்ஸருகிட்ட வருவாங்க. கதவு, சுவிட்சு, எல்லாம் வரும். சார் பேரு வரும், உங்க பேரு வரும். கவனக்குறைவுன்னா அதோட நிக்கும்.”

“அவமேல கேஸ் வருமுங்களே.”

“வரும். சின்னப் புள்ள, ஜாமீன் குடுப்பாங்க. நாமளே வக்கீல் வெச்சுத் தரலாம். அப்பறம் ஊருக்குப் போயிரும். அங்க போய் யாரு தேடப்போறாங்க?”

“அவ தப்பு பண்ணலீங்க. நான் சொல்லிக் குடுத்ததைத்தான் பண்ணியிருக்கா. அப்படியே.”

“அதைத்தானுங்க நானும் சொல்றேன். வெளிய சொன்னீங்கன்னா தப்பு உங்களுதுன்னு ஆகும்.”

நான் சசிதரைப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை அவர். யூசுப் அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன வண்டியில் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். பட்டியலை எடுத்தார், நான்காக மடித்தார், இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

“இருநூறு பேரு வேலை பாக்கறாங்க அக்ஷிதா. சீல் வெச்சாங்கன்னா எத்தனை மாசம் ஆகும்னு தெரியாது.” என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். “இந்தப் பேச்சை இதோட விட்டுப்போடுங்க.”

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். நானும். அன்புமணி கவனிக்கவில்லை. பயிற்சி அதிகாரியின் வாக்குமூலம் என்று தலைப்பிட்ட தாளை என் முன்னால் நகர்த்தி, விரலால் கடைசி வரியைக் காட்டினார்.

“கையெழுத்தைப் போட்டுப்போடுங்க அம்மணி.”

முறையான பயிற்சி, பயிற்சி பெறுபவருக்குப் புரியும் மொழியில், பத்தொன்பது வகுப்புகளாக அளிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் கையெழுத்திட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அதற்கு மேல் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

“இன்னும் ஒண்ணு இருக்குதுங்க,” என்றார் அன்புமணி. “அந்தப் புள்ளையோட வாக்குமூலம். ரெண்டு பக்கம். மூணு மணிக்கு இன்ஸ்பெக்டரு வாராரு. அதுக்குள்ள நீங்க அதுகிட்ட வாங்கித் தந்துரணும். நாங்க கேட்டா மெரளும்.”

“தமிழ்ல இருக்குதுங்களே,” என்றேன்.

“அதனாலதான் உங்களைச் சொல்றது. வரிவரியாப் படிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம். பொதுவா என்ன இருக்குதுன்னு சொன்னீங்கன்னாப் போதும்.”

*

பயிற்சி அறையில் அவளை உட்காரவைத்தேன். சீருடை போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தாள். வேலைக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாளோ என்னவோ.

“நடந்ததை எழுதியிருக்கிறார்கள்,” என்றேன் இந்தியில். “நீ மிக்ஸர் பலகையில் இருந்தாய், யூசுப் அண்ணன் உள்ளே இருந்தார், மிக்ஸர் ஓடியது என்று. கீழே கையெழுத்து வேண்டும்.”

“சரிங்க,” என்றாள் தமிழில்.

தாளைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்திடுவாள் என்று நினைத்தேன். அவள் படிப்பதுபோலக் குனிந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வருகைப் பலகையில் தன் பெயரைக் கண்டுபிடிப்பதற்காக அந்த எழுத்துகளை மட்டும் பழகி வைத்திருந்தாள். விரலை வரி வரியாக நகர்த்தினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். மறுபடி நகர்த்தினாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

ஜன்னலுக்கு வெளியே கேட் திறக்கும் சத்தமும், ஒரு ஜீப் உள்ளே வந்து நிற்கும் சத்தமும் கேட்டன. அன்புமணி கதவைத் தள்ளித் தலையை நீட்டினார்.

“ஆச்சுங்களா அம்மணி?”

“ரெண்டு நிமிஷமுங்க.”

கதவு மூடிக்கொண்டது. அந்தத் தாளில் எங்கெங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிறுத்தும்படி தெளிவாகச் சொல்லப்பட்டும். அறிவுறுத்தலை மீறி. தன் விருப்பத்தின்பேரில். என் தவறை உணர்ந்து.

புத்னி நிமிர்ந்தாள். நான் நீட்டிய பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, மேசையில் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு தன் நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். இருவரும் ஒரே பக்கத்திலிருந்து தாளைப் பார்க்கும்படி.

“அக்கா, இதில் என் பெயர் ஐந்து இடத்தில் இருக்கிறது,” என்றாள். முதல் இடத்தில் விரலை வைத்தாள். “நான் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் சொன்னால் போடுவேன். அதற்கு முன்னால் இந்த ஐந்து வரியையும் இந்தியில் சொல்லுங்கள். ஒரு சொல்லையும் விடாமல் சொல்லுங்கள் அக்கா.”